க்ளென் ராய்: சின்ன ஆறு, இரு பக்க மலையிலும் மூன்று கோடுகள்

#1 கூழாங்கல்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் பக்கம் நாலு நாள் தங்கியிருந்தோம். பென் நெவிஸ் பார்க்கப் போனோம். மூன்று நாளும் மேகம், மலை முகத்தைக் காட்டவே இல்லை. நாலாவது நாள் தங்கியிருந்த வீட்டு அம்மா, "ராய் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய் வாருங்கள், அங்கே உச்சியைப் பார்க்க வேண்டியதில்லை, சரிவைப் பார்த்தால் போதும்" என்றார். போனோம்.

ராய் பிரிட்ஜ் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரே ஒரு வண்டி போகும் அளவுக்கு ஒரு சாலை மேலே ஏறுகிறது. எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே இடம் விட்டிருக்கிறார்கள். 5 கிலோமீட்டர் போல ஏறியதும் வண்டி நிறுத்தும் மேடு ஒன்று வருகிறது. அங்கே இறங்கி நின்றவன் அரை மணி நேரம் நகரவில்லை.

கீழே ராய் ஆறு. நம் ஊர்க் கணக்கில் ஓடை என்றே சொல்லிவிடலாம். கரி மண்ணில் ஊறி வருவதால் தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறம். இரண்டு பக்கமும் மொட்டை மலை. அந்த மலைச் சரிவில் மூன்று கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நூல் பிடித்துக் கிழித்த மாதிரி. சரிவு உள்ளே மடங்கினால் கோடும் மடங்குகிறது, வெளியே புடைத்தால் அதுவும் புடைக்கிறது, ஆனால் மட்டம் மாறுவதே இல்லை. எதிர்ச் சரிவிலும் அதே மூன்று, அதே உயரத்தில்.

ஒரு காலத்தில் இங்கே ஏரி இருந்தது, கோடுகள் அதன் கரை என்று அங்கே பலகையில் படித்தேன். இரண்டு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஏரி என்றால் அதன் கரை, அதாவது தண்ணீரைத் தடுத்தது எது? பள்ளத்தாக்கின் வாய் திறந்துதானே கிடக்கிறது. அப்புறம், ஏன் மூன்று கோடு? தண்ணீர் மெல்ல வற்றியிருந்தால் முப்பது கோடு விழுந்திருக்க வேண்டாமா?

#2 வடக்குவாசி

நான் இன்வெர்னஸில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அந்த மேட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. நீங்கள் போனது நல்ல நேரம். மதிய வெயிலில் கோடுகள் மங்கிவிடும். மாலையில் வெளிச்சம் சாய்ந்து விழும்போது பார்க்க வேண்டும். அதைவிட, லேசாகப் பனி தூவிய மறுநாள் போனால் மூன்றும் வெள்ளைக் கோடாக நிற்கும்.

உயரம் சொல்கிறேன். கடல் மட்டத்திலிருந்து கீழ்க் கோடு 260 மீட்டர், நடுக் கோடு 325, மேல் கோடு 350. இடைவெளி சமமில்லை என்பதைக் கவனியுங்கள். கீழே 65, மேலே 25.

இவற்றுக்கு 'இணைச் சாலைகள்' என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கின் கதைகளில் வரும் ஃபிங்கால் என்ற வீரன் மான் வேட்டைக்குப் போட்ட பாதைகள் இவை என்றுதான் இங்குள்ளவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கேலிக்கில் இந்தப் பள்ளத்தாக்கின் பெயரில் 'ருவா' என்ற சொல் இருக்கிறது. செம்பழுப்பு என்று அர்த்தம். இலையுதிர் காலத்தில் அந்தப் புல்லைப் பார்த்தவர்களுக்குப் பெயர் ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

சுற்றுவட்டாரம் முழுக்க மெக்டொனால்ட் குலத்தின் கெப்பாக் கிளையின் மண். குலங்கள் தங்களுக்குள் மோதிய கடைசிச் சண்டை என்று சொல்லப்படும் மல்ராய் சண்டை ராய் பிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் நடந்தது, 1688 ஆகஸ்டில். அதைத் தனி இழையில் பேசலாம், இப்போது கோடுகளுக்கு வருவோம்.

#3 ஏரிக்கரையான்

நான் ஸ்காட்லாந்து பார்த்ததில்லை. புவியியலும் படித்ததில்லை. ஆனால் அப்பா பொதுப்பணித் துறையில் ஏரிப் பராமரிப்பு வேலை பார்த்தவர், அதனால் இரண்டாவது கேள்விக்கு ஒரு யோசனை தோன்றுகிறது.

ஏரியில் தண்ணீர் எந்த மட்டத்திலும் நிற்கலாம். ஆனால் நாள் கணக்கில், மாதக் கணக்கில் ஒரே மட்டத்தில் நின்றால் அது கலிங்கு மட்டம்தான். அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு சொட்டும் வழிந்து போய்விடும். மழை கூடினாலும் குறைந்தாலும் தண்ணீர் அங்கேயே நிற்கும். கரையில் அலை அடித்து அரித்த தடம் அந்த மட்டத்தில்தான் அழுத்தமாக விழும். கலிங்குக்குக் கீழே தண்ணீர் இறங்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு மட்டம், எந்தத் தடமும் நிலைக்காது.

ஆக, மூன்று கோடு இருந்தால் மூன்று கலிங்கு இருந்திருக்க வேண்டும். 260, 325, 350 மீட்டர் உயரத்தில் அந்த மலைகளில் எங்கேயாவது தாழ்வான கணவாய் இருக்கிறதா? இருந்தால் வடக்குவாசி சொல்லுங்கள்.

#4 மறுகால்

ஏரிக்கரையான் அண்ணா, எங்கள் பக்கம் கலிங்கு என்று சொல்ல மாட்டோம், மறுகால் என்போம். ஏரி நிறைந்தால் 'மறுகால் பாயுது' என்று ஊரே பார்க்கப் போகும். என் பெயரே அதிலிருந்து வந்ததுதான். நீங்கள் சொன்னது புரிந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பாறை டீச்சர் வந்து சொல்லட்டும்.

#5 பாறை டீச்சர்

ஏரிக்கரையான், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். படித்தவர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்ட கேள்விக்கு நேராக அதன் மூட்டில் கை வைத்திருக்கிறீர்கள். ஆமாம், மூன்று கணவாய் இருக்கிறது.

ராய் ஆற்றின் தலைப்பகுதியில், ஸ்பே ஆறு பிறக்கும் சின்ன ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கணவாய். உயரம் 350 மீட்டர். கிழக்குப் பக்கச் சரிவில் க்ளாஸ்டர் என்ற கிளைப் பள்ளத்தாக்கின் தலையில் இன்னொன்று, 325 மீட்டர். தெற்கே ராய் போய்ச் சேரும் ஸ்பீன் பள்ளத்தாக்கு கிழக்கே நீண்டு லாகன் ஏரியைத் தாண்டினால், ஃபியாகர் என்ற இடத்தில் மூன்றாவது கணவாய், 260 மீட்டர். மூன்று கோடு, மூன்று வாசல்.

இப்போது கூழாங்கல்லின் முதல் கேள்வி. தண்ணீரைத் தடுத்தது பனி.

கடைசிப் பெரிய பனிக்காலம் முடிந்து, பனி வடிந்து, நாடு சூடாகிக்கொண்டிருந்த நேரத்தில் குளிர் திடீரென்று திரும்பி வந்தது. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு குளிர் இடைவெளி. ஸ்காட்லாந்தில் அதை லோமண்ட் ஏரியின் பெயரால் அழைக்கிறார்கள். மேற்கு மலைகளில் பனி மறுபடி குவிந்து பனியாறுகளாக இறங்கியது. நம் கதைக்கு முக்கியமான விஷயம், அது பள்ளத்தாக்கின் தலையிலிருந்து வரவில்லை, வாய்ப்பக்கமிருந்து வந்தது. ஸ்பீன் பள்ளத்தாக்கை மேற்கிலிருந்து அடைத்தது. ஆறு வெளியேறும் வழியில் பனிச்சுவர் நின்றால் தண்ணீர் என்ன செய்யும்? தேங்கும்.

முதலில் ஸ்பீனும் ராயும் சேர்ந்து ஒரே ஏரி. ஃபியாகர் கணவாய் வழியாகக் கிழக்கே வழிந்தது. 260 மீட்டர் கோடு விழுந்தது. பனி இன்னும் முன்னேறி ராய் பள்ளத்தாக்கின் வாய்க்குள்ளேயே நுழைந்ததும் ராய் ஏரி தனியாகப் பிரிந்து ஏறியது, க்ளாஸ்டர் கணவாயில் வழிந்தது. 325. பனி மேலும் நகர்ந்து அந்தக் கிளைப் பள்ளத்தாக்கையும் மூடியதும் தலைப்பகுதிக் கணவாய் மட்டுமே மிச்சம். 350. அப்புறம் சூடு திரும்பியது, பனி பின்வாங்கியது, வாசல்கள் வந்த வழியே ஒவ்வொன்றாகத் திறந்தன. 350-லிருந்து 325, அங்கிருந்து 260. கீழ்க் கோடுகள் இரண்டிலும் தண்ணீர் இரண்டு தடவை நின்றிருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? மூன்று வாசலும் கடைசியில் ஸ்பே ஆற்றுக்குத்தான் போகின்றன. இன்று ராய் ஆறு ஸ்பீனில் விழுந்து, லொக்கி ஆற்றில் கலந்து, மேற்கே அட்லாண்டிக் பக்கம் போகிறது. அந்தக் காலத்தில் அதே பள்ளத்தாக்குத் தண்ணீர் கிழக்கே வட கடலுக்குப் போனது.

#6 வடக்குவாசி

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பக்கத்துப் பள்ளத்தாக்கு க்ளென் க்ளாய். அங்கேயும் ஒரு கோடு உண்டு, 355 மீட்டரில். அந்த ஏரி டரட் என்ற கிளை வழியாக ராய் ஏரிக்குள் வழிந்தது. ஒரு ஏரியின் மறுகால் அடுத்த ஏரியை நிரப்பும் சங்கிலி ஏரி மாதிரி.

இன்னொன்று. ஸ்பீனில் லாகன் அணை 1934-இல் கட்டினார்கள், ஃபோர்ட் வில்லியம் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க. தண்ணீர் ட்ரெய்க் ஏரி வழியாகப் போய், மலைக்கு அடியில் 24 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஆலைக்கு வருகிறது. அது போதாமல் 1943-இல் ஸ்பே ஆற்றின் மேல்பகுதியில் ஓர் அணை கட்டி, அந்தத் தண்ணீரையும் லாகன் ஏரிக்குத் திருப்பினார்கள். பனி மேற்குத் தண்ணீரைக் கிழக்கே ஸ்பேக்கு அனுப்பியது. மனிதன் ஸ்பே தண்ணீரை மேற்கே இழுத்துவிட்டான்.

#7 திசைகாட்டி

இந்த இடத்தில் டார்வின் பெரிய தப்பு செய்தார் என்று எங்கோ படித்த ஞாபகம். உண்மையா? அவ்வளவு பெரிய ஆள் ஓர் ஏரியைக் கண்டுபிடிக்க முடியாமல் போனாரா?

#8 பாறை டீச்சர்

உண்மை. ஆனால் 'முடியாமல் போனாரா' என்று கேட்கும்போது அவருக்கு முன்னால் யார் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தாமஸ் டிக் லாடர் என்பவர் 1818-இல் தன் ஆராய்ச்சியை அறிஞர் சபையில் வாசித்தார். ஏரிக் கரைகள் என்று தெளிவாகச் சொன்னார். மேல் கோடும் தலைப்பகுதிக் கணவாயும் ஒரே மட்டம் என்பதையும் கவனித்தார். ஆனால் தடுப்பு என்ன என்று கேட்டால் மண்ணும் கல்லுமான பெரிய கரை ஏதோ இருந்தது, பிறகு உடைந்தது என்றார். அப்படி ஒரு கரை இருந்த சுவடு எங்கேயும் இல்லை.

டார்வின் 1838 கோடையில் வந்தார். பீகிள் கப்பலில் உலகம் சுற்றித் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சிலியில் கோக்கிம்போ பக்கம் படிப்படியாக உயர்ந்து நிற்கும் பழைய கடற்கரைகளைப் பார்த்துவிட்டு வந்தவர். நிலம் கடலிலிருந்து எழும்புகிறது என்பது அவர் கண்ணால் பார்த்த விஷயம். இங்கே கோடுகளைப் பார்த்ததும் அதே படிகள் ஞாபகம் வந்தன. ஏரி என்றால் தடுப்புக் கரை வேண்டும், அந்தத் தடுப்பின் சுவடு இல்லை, ஆகவே ஏரி இல்லை, மிச்சம் இருப்பது கடல்தான் என்று எழுதினார். 1839-இல் கட்டுரை வந்தது.

1840-இல் சுவிட்சர்லாந்திலிருந்து அகாசி என்ற பனியாற்று ஆய்வாளர் வந்தார். பனியாறு பக்கவாட்டுப் பள்ளத்தாக்கை அடைத்து ஏரி உண்டாக்கும் என்பது அவர் ஊரில் அதிசயமே இல்லை. ஆலெட்ஷ் பனியாற்றின் ஓரத்தில் மார்யலென் ஏரி அப்படித்தான் நின்றது. ராயைப் பார்த்ததும் பனி என்று சொல்லிவிட்டார்.

#9 திசைகாட்டி

அப்படியானால் 1840-லேயே முடிந்திருக்க வேண்டுமே? டார்வின் ஏன் விடவில்லை? கடல் என்றால் சிப்பி கிடைத்திருக்க வேண்டும், ஒரு சிப்பியாவது கிடைத்ததா? கிடைக்காததற்கு அவர் காரணம் தேடினார் என்றால் அதை நான் மன்னிக்க மாட்டேன். சான்று இல்லாத இடத்தில் சமாதானம் சொல்வது அறிவியல் இல்லை.

#10 ஏரிக்கரையான்

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். சிப்பி கிடைக்கவில்லை என்பது உண்மைதான், சிப்பி கரைந்து போயிருக்கலாம் என்று அவர் சமாதானம் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எதிர்த்தரப்பும் இல்லாத ஒரு மண்கரையைத்தானே நம்பச் சொன்னது? அவருக்கு முன்னால் இருந்தது இரண்டு இல்லாத பொருள். சிப்பியும் இல்லை, கரையும் இல்லை. அவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கரை கரைந்து ஓடிவிடும் பொருளாக இருக்கலாம் என்று யோசிக்க, பனியைப் பக்கத்தில் பார்த்துப் பழகிய ஆள் தேவைப்பட்டது.

#11 பாறை டீச்சர்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் திசைகாட்டி பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், வேறு காரணத்துக்காக. சிப்பியைவிடப் பெரிய சான்று கணவாய். கடல் என்றால் கோட்டின் உயரத்துக்கும் கணவாயின் உயரத்துக்கும் சம்பந்தமே இருக்கத் தேவையில்லை. ஒரு கோடு ஒத்துப் போனால் தற்செயல் எனலாம். 1847-இல் டேவிட் மில்ன் என்பவர் நடுக் கோட்டுக்கான க்ளாஸ்டர் கணவாயையும் கண்டுபிடித்தார். அப்போது டார்வினே ஆடிப்போனார். ஆனால் மில்னும் மண்கரையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் விவகாரம் முடியவில்லை.

முடித்து வைத்தவர் தாமஸ் ஜேமிசன். அபர்டீன்ஷயரில் எல்லன் என்ற ஊரில் பண்ணை நிர்வாகம் பார்த்தவர். 1861-இல் ராய் பள்ளத்தாக்கை நடந்து பார்த்தார், 1863-இல் கட்டுரை வெளியிட்டார். பனி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதைப் பாறைக் கீறல்களிலிருந்து காட்டி, ஒவ்வொரு கோட்டையும் அதன் வாசலோடு சேர்த்தார். அவர் கண்டதைக் கேள்விப்பட்ட டார்வின் 1861 செப்டம்பரில் புவியியல் அறிஞர் லைலுக்கு எழுதிய கடிதத்தில் தன் கட்டுரை தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே பெரிய பிழை என்று ஒத்துக்கொண்டார். பிற்பாடு தன் வாழ்க்கைக் குறிப்பிலும், மற்றதெல்லாம் இல்லை, ஆகவே இதுதான் என்று முடிவு கட்டும் முறையை இனி நம்பக் கூடாது என்று இந்த இடம் கற்றுக்கொடுத்ததாக எழுதினார். அதைப் படித்த பிறகு எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது, திசைகாட்டி.

#12 திசைகாட்டி

சரி டீச்சர். மன்னிக்க மாட்டேன் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

#13 மறுகால்

எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஏரி எத்தனை நாள் நின்றது? பாறையில் கோடு போடும் அளவுக்கு என்றால் ஆயிரக்கணக்கான வருடமா?

#14 பாறை டீச்சர்

இல்லை, அதுதான் ஆச்சரியம். ஏரி அடியில் படிந்த வண்டலை வெட்டிப் பார்த்தால் மெல்லிய அடுக்குகள் தெரியும். கோடையில் பனி உருகி வரும் வெள்ளத்தோடு கொஞ்சம் பருமனான வண்டல் படியும். குளிர்காலத்தில் மேலே உறைந்துவிடும், அடியில் மிக நுண்ணிய களி மட்டும் மெதுவாக இறங்கும். வெளிர் அடுக்கு ஒன்று, கருத்த அடுக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. மர வளையம் எண்ணுவது போல எண்ணலாம். லாகன், ராய் பகுதிகளில் எண்ணிப் பார்த்ததில் ஏரிகளின் மொத்த ஆயுளே 500 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல்தான்.

அவ்வளவு குறைந்த காலத்தில் பாறையை அரிக்க அலை மட்டும் போதாது. அங்கே இருப்பது மைக்கா மின்னும் பழைய உருமாறிய பாறை, வெடிப்புகள் நிறைய. கரையோரம் ஈரம் ஊறி, உறைந்து, விரிந்து பாறையைப் பிளந்தது. பிளந்ததை அலையும் பனிக்கட்டியும் அள்ளிப் போட்டன. கடுங்குளிர் இருந்ததால்தான் அத்தனை சீக்கிரம் கோடு விழுந்தது.

#15 கூழாங்கல்

டீச்சர், ஏரிக்கரையான் ஐயா, எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும், அன்று புரியாமல் விட்டது.

அந்த மேட்டிலிருந்து இறங்கி, எதிரே தெரிந்த கீழ்க் கோட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று ஏறினேன். முழங்கால் அளவு ஹீதர் புதர், நடுவில் காலை வைத்தால் கணுக்கால் வரை போகும் சதுப்பு, ஆட்டுப் புழுக்கை. ஏறினேன், ஏறினேன், கோட்டைக் காணோம். கொஞ்சம் சரிவு குறைந்த மாதிரி ஓர் இடம், அகலம் பத்தடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும், அங்கங்கே முனை மழுங்காத கற்கள் கிடந்தன. வழி தவறிவிட்டேன் என்று நினைத்து இன்னும் மேலே போனேன். கீழே நின்ற மனைவி கை காட்டிக் கத்தினாள், "தாண்டிட்டீங்க!" அதுதான் கோடு. நான் அதன் மேலேயே நின்றுவிட்டுப் போயிருக்கிறேன்.

பக்கத்தில் போனால் தெரியாதது ஏன் தூரத்தில் அவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது?

#16 பாறை டீச்சர்

படி என்று சொன்னாலும் அது மட்டமான படி இல்லை. சராசரி அகலம் பத்து மீட்டர் சுமார், அதுவும் வெளிப்பக்கம் சாய்ந்தே இருக்கும். நிற்கும் காலுக்கு அது சரிவின் ஒரு பகுதி. தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, கிலோமீட்டர் கணக்கில் ஒரே உயரத்தில் தொடர்வதால்தான் கோடு. நீங்கள் பார்த்த முனை மழுங்காத கற்கள் உறைபனி பிளந்தவை.

இன்னொரு நுணுக்கம். கோடுகள் கண்ணுக்குத்தான் நூல் பிடித்த மட்டம். 1970-களிலும் 80-களிலும் சிஸ்ஸன்ஸ் என்ற ஆய்வாளர் மிக நுட்பமாக அளந்து பார்த்தார். சில இடங்களில் கோடு லேசாகச் சாய்ந்தும் உடைந்தும் இருக்கிறது. பனியின் எடையும் ஏரியின் எடையும் நீங்கியபோது நிலம் துண்டு துண்டாக அசைந்திருக்கிறது. கோடு மட்டமாகப் பிறந்ததால்தான் அந்த அசைவை அளக்கவே முடிந்தது.

#17 மறுகால்

கடைசியில் தண்ணீர் எப்படிப் போனது? மெதுவாகவா, உடைத்துக்கொண்டா?

#18 வடக்குவாசி

அதற்கு என் ஊரில் பதில் இருக்கிறது. 350-லிருந்து 325, 325-லிருந்து 260 என்று இறங்கியது வாசல் திறந்ததால். ஆனால் 260 மீட்டர் ஏரிக்கு அடுத்த வாசல் பனிக்கு அடியில். தண்ணீரின் அழுத்தம் பனியை அடியில் தூக்கி வழி குடைந்துகொண்டது. ஸ்பீன் குறுகல் வழியாக, ஸ்காட்லாந்தைக் குறுக்கே வெட்டும் 'பெரும் பள்ளத்தாக்கு'க்குள் பாய்ந்து, நெஸ் ஏரி வழியாக வடகிழக்கே இன்வெர்னஸ் வரை வந்தது என்று அதே சிஸ்ஸன்ஸ் 1979-இல் எழுதினார். ஐஸ்லாந்தில் இன்றும் பனிக்கு அடியிலிருந்து அப்படி வெள்ளம் கிளம்புகிறது. நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் நெஸ் ஆற்று முகத்தில் சரளைக்கல் பரப்பு இருக்கிறது. அந்த வெள்ளம் கொண்டுவந்து கொட்டியது என்பது அவர் கருத்து.

#19 ஏரிக்கரையான்

உடைப்பு எடுத்த ஏரி எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். அடியில் சேறு, நடுவில் பழைய ஓடை மறுபடி தன் வழியைத் தேடும். ராய் ஆறும் அப்படித்தான் தேடியிருக்குமா?

#20 பாறை டீச்சர்

ஆமாம் ஐயா. கூழாங்கல் அடுத்த முறை போனால் வண்டி நிறுத்தும் மேட்டோடு திரும்பாமல், சாலை முடியும் ப்ரே ராய் வரை போய், அங்கிருந்து டரட் ஓடை ராயில் சேரும் இடம் வரை நடக்கட்டும். அங்கே ஆற்றின் இரு பக்கமும் மேசை மாதிரி தட்டையான மேடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கும். ஏரி இருந்த காலத்தில் கிளை ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் அவை. ஏரி போனதும் ஆறு அதற்குள் வெட்டிக்கொண்டு இறங்கியது. இன்னும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

#21 வடக்குவாசி

போகும்போது மழை பெய்து முடிந்த அன்றே போகாதீர்கள். சில மணி நேரத்தில் ஆறு ஏறிவிடும், குறுகலில் துடுப்புப் படகுக்காரர்கள் அதற்காகவே காத்திருந்து வருவார்கள், நடப்பவர்களுக்கு ஆகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் பூச்சி பிடுங்கி எடுத்துவிடும், முகத்துக்கு வலை வேண்டும். அக்டோபர் முதல் வாரம் வாருங்கள், மான் கத்துவது கேட்கும். ராய் பிரிட்ஜில் ரயில் நிற்கும், நான் வண்டியோடு வந்து அழைத்துப் போகிறேன்.

#22 கூழாங்கல்

அக்டோபரில் வருகிறோம் அண்ணா. இந்த முறை மனைவி மேலே ஏறட்டும், நான் கீழே நின்று கை காட்டுகிறேன்.